கலிபோர்னியாவின் ப்ரொபொசிஷன்கள்: ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றின் பொருளறிந்து வாக்களிப்பது எப்படி?

கலிபோர்னியாவில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறவர்களைத் திணறவைப்பவை வேட்பாளர்களின் பெயர்கள் அல்ல. அவற்றோடு அதே வாக்குச்சீட்டில் எண்ணிட்டு வரும் ‘ப்ரொபொசிஷன்’ என்னும் கேள்விகளே. 2024 நவம்பரில் மட்டும் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக இத்தகைய கேள்விகள் 10 இருந்தன. சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் செல்வாக்குக்குள் மாநில அரசியல் அகப்பட்டிருந்த காலத்தில், ஆளுநர் ஹைரம் ஜான்சனின் முயற்சியால் 1911இல் வாக்காளர்களுக்குக் கிடைத்த உரிமை இது. சட்டத்தை நேரடியாக மக்களே முடிவு செய்யும் ஏற்பாடு என்பதால், வாக்குச்சீட்டைத் திறப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதையாவது இதற்கென ஒதுக்கிவைப்பது நல்லது.

முதலில், மாநிலச் செயலரின் அலுவலகம் அஞ்சலில் அனுப்பும் வாக்காளர் தகவல் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். முழுவதையும் படிக்க வேண்டிய தேவையில்லை.

அடுத்து, ஒவ்வொரு ப்ரொபொசிஷனும் யாரால் வாக்குச்சீட்டுக்கு வந்தது என்று பாருங்கள். அரசியலமைப்புத் திருத்தம், கடன் பத்திரம் போன்றவற்றைச் சட்டமன்றமே மக்களிடம் அனுப்பியிருக்கலாம். வாக்காளர்களின் கையெழுத்துகளைத் திரட்டி வெளியார் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். சட்டத்துக்கு, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காடும், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 விழுக்காடும் கையெழுத்துகள் தேவை. 2022 தேர்தலை வைத்துக் கணக்கிட்டால் இவை முறையே 5,46,651, 8,74,641 ஆகும். இத்தனை கையெழுத்துகளை 180 நாட்களுக்குள் திரட்டுவதற்குப் பெரும்பாலும் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருப்பதால், ‘மக்கள் கொண்டுவந்தது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நெகிழ்ந்துவிடாமல், பணம் கொடுத்தவர்களின் பட்டியலையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மூன்றாவது வகைதான் ரெஃபரண்டம். புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறிவந்தது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். சட்டமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய ஒரு சட்டத்தைப் பிடிக்காதவர்கள் கையெழுத்து திரட்டி அதை மக்கள் முன் நிறுத்துவது ரெஃபரண்டம். ஆனால், 2023இல் விதி மாறும்வரை வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டது ‘இந்தச் சட்டம் நிலைக்கட்டுமா?’ என்பதே. ஆகவே ‘ஆம்’ என்றால் சட்டம் நிலைத்தது; ‘இல்லை’ என்றால் அது போய்விட்டது. கேள்வியை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவந்தவர்களே ‘இல்லை’ என்று வாக்களிக்கச் சொல்லும் விசித்திரம் இதனால்தான் நேர்ந்தது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 2023இல் இயற்றிய சட்டத்தின்படி ரெஃபரண்டத்தில் இப்போது ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்குப் பதிலாக ‘சட்டம் நிலைக்கட்டும்’, ‘சட்டம் நீங்கட்டும்’ என்ற பொருளில் தெரிவுகள் தரப்படுகின்றன. பழைய முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். பணம் கட்டி ஜாமீன் பெறும் முறையை ஒழிப்பதற்காக 2018இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு கைதானவர்களுக்காக ஜாமீன் பணத்துக்குப் பொறுப்பேற்கும் தொழில் செய்பவர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்து திரட்ட, 2020இல் அது ப்ரொபொசிஷன் 25 ஆக வாக்குச்சீட்டுக்கு வந்தது. பணஜாமீன் வேண்டாம் என்று நினைத்தவர் ‘ஆம்’ என்றும், அது தொடரட்டும் என்று நினைத்தவர் ‘இல்லை’ என்றும் குறிக்க வேண்டியிருந்தது. ‘இல்லை’ வென்றது, பணஜாமீனும் தொடர்ந்தது. ஆகவே தலைப்பை மட்டும் படித்து முடிவெடுக்காமல், ‘ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் என்ன நடக்கும்’ என்று கையேடு இரண்டிரண்டு வரிகளில் சொல்லும் பகுதியைப் படித்து, அதை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்றே பொருள்.

பிறகு செலவுக்கு வாருங்கள். சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் எந்தப் பக்கமும் சாயாமல் எழுதும் மதிப்பீடு கையேட்டில் இருக்கும். பிரசாரக் கட்டுரைகளைவிட இதையே நான் நம்புவேன். எடுத்துக்காட்டாக, 2024இல் நிறைவேறிய ப்ரொபொசிஷன் 4, 1,000 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கானது. அதைத் திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 40 கோடி டாலர் ஆகும் என்று அந்த அலுவலகம் கணித்தது. பெருக்கிப் பார்த்தால் 1,600 கோடி வருகிறது.

நிறைவேறியபின் அதைத் திருத்த முடியுமா என்பதையும் கவனியுங்கள். கையெழுத்து வழியாக வந்து மக்கள் ஏற்ற சட்டத்தை, அதன் உரையே இடம் கொடுத்தாலொழிய, மக்களிடம் மறுபடியும் கேட்காமல் சட்டமன்றம் மாற்ற இயலாது. செயலிவழி ஓட்டுநர்களைப் பற்றிய 2020ஆம் ஆண்டின் ப்ரொபொசிஷன் 22, சட்டமன்றம் தன்னைத் திருத்த வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்று எழுதிவைத்தது. அதன் ஆதரவுப் பிரசாரத்துக்குச் செயலி நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டன. 1978இல் மக்கள் ஏற்ற ப்ரொபொசிஷன் 13 சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது. அந்த வரம்பு இன்றும் நிற்கிறது.

இறுதியாக, தாளில் எழுதிய முடிவுகளை வாக்குச்சீட்டில் குறியுங்கள். விளங்காத ஒன்றை வெறுமையாக விட்டுவிடலாம்; மற்ற வாக்குகள் செல்லும். அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையின் மேல் கையொப்பமிட மறந்துவிடாதீர்கள். தேர்தல் நாளன்று இரவு 8 மணிக்குள் வாக்குப் பெட்டியில் போட்டுவிட்டால் போதும்.