கோடைக்காலக் கல்லூரி வகுப்பு: பணம் கட்டும் முன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் கோடை வகுப்பில் இடம் கிடைத்தால், பிறகு அதே கல்லூரியில் சேர்வது எளிதாகும் என்று எண்ண வேண்டாம். கட்டணம் வாங்கும் பல வகுப்புகளில் இடம் கிடைப்பது கடினமில்லை; சேர்க்கை அலுவலர்களுக்கும் அது தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) 6 வாரம் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற அறிவியல் ஆய்வுப் பயிற்சி வேறு ரகம்: படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் இலவசம், இடம் கிடைப்பதுதான் அரிது.

கிரெடிட் (பட்டப்படிப்பில் கணக்கில் கொள்ளப்படும் பாடப் புள்ளி) தரும் வகுப்பா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால், வாங்கும் கிரேடு அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) நிரந்தரமாகப் பதியும். ஒரு பருவப் பாடத்தைச் சில வாரங்களில் முடிப்பதால், 2 நாள் காய்ச்சலில் படுத்தாலே மாணவர்கள் பின்தங்கிவிடுவார்கள். முதல் தடவைக்கு ஒரே பாடம் போதும். பயணச் செலவு பெரும்பாலும் கட்டணத்தில் சேராது. விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும் குறித்து வையுங்கள்.