குதிரைச் சவாரிப் பாதை: ஆட்கள் வழிதவறியதைச் சரிசெய்த விதம்
அமெரிக்காவில் நன்கொடை திரட்ட நடத்தும் காட்டுவழிக் குதிரைச் சவாரிகளில் தன்னார்வலர்களுக்குப் பெரிய தலைவலி பாதைக் குறிகள்தான். எங்கள் பாதையில் பலர் கிளைவழியில் நுழைந்துவிட, குறியாகக் கட்டிய ஆரஞ்சு ரிப்பனே காரணம்: மரம் வெட்டுபவர்களும் நில அளவையாளர்களும் அதே நிறத்தைக் கட்டுகிறார்கள். கோடு போட்ட இருநிற ரிப்பனுக்கு மாறியதும் குழப்பம் தீர்ந்தது.

ரிப்பனை மரத்தில் முடிச்சிட வேண்டாம். துணி காயப்போடும் மரக் கிளிப்பில் கட்டிக் கிளையில் மாட்டினால் மறுநாள் கழற்றுவது எளிது. தொங்கும் வால் 30 செ.மீ. போதும், நீளமானால் காற்றில் படபடத்துக் குதிரையை மிரட்டும். எல்லாம் வலப்பக்கமே, சவாரி செய்பவரின் கண்மட்டத்தில், அதாவது சுமார் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஆகவே குதிரைமேல் போய் மாட்டுவதே மேல். நடந்துபோய் மாட்டியவை தாழ்ந்து, புதருக்குள் மறைந்துவிடும். திருப்பத்துக்கு முன் மூன்று ரிப்பன், திரும்பியதும் 30 மீட்டருக்குள் உறுதிப்படுத்த ஒன்று. போகக் கூடாத கிளைவழியில் பெருக்கல்குறி போட்ட காகிதத் தட்டு. பாதைக்கு மேல் நீளும் கிளைகளைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் வரை, மரத்தண்டை ஒட்டி வெட்டுங்கள். கூர்முனை விட்டால் கண்ணைக் குத்தும்.

குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். குதிரையின் உடலைக் குளிர்விக்கும் ஸ்பாஞ்சைப் பொதுத் தொட்டியில் யாரையும் நனைக்க விடாதீர்கள், நோய் பரவும்; அதற்குத் தனி வாளி.

குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகை நோய் இல்லை என்று காட்டும் காகின்ஸ் இரத்தச் சோதனைச் சான்றை நுழைவாயிலிலேயே பாருங்கள், குதிரையை வண்டியிலிருந்து இறக்கும் முன்.