டிஸ்போசலுக்குள் பிளேடு கிடையாது: அது தெரியாமல் நாம் செய்யும் தவறுகள்

சிங்க்குக்கு அடியில் மாட்டியிருக்கும், மிச்ச உணவை அரைத்துக் குழாயில் அனுப்பும் கார்பேஜ் டிஸ்போசலைப் பற்றிப் பேச்சு வந்தால், "உள்ளே சுற்றுகிற பிளேடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மிக்சி ஜாரைப் பார்த்துப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் உள்ளே பிளேடே கிடையாது. அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதன் மேல் மழுங்கலான இரண்டு உலோகத் துண்டுகள். தட்டு வேகமாகச் சுழலும்போது உணவுத் துண்டுகள் வெளிப்பக்கமாக வீசப்பட்டுச் சுவரில் போய் மோதும். சுவரைச் சுற்றிலும் பற்கள் வைத்த ஒரு வளையம். துருவியில் காயைத் தேய்ப்பது போல உணவு அங்கே தேய்ந்து, பொடியாகி, தண்ணீரோடு சேர்ந்து குழாயில் இறங்குகிறது. மோட்டாரின் வகையைப் பொறுத்து இந்தத் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 1,700 முதல் 2,800 சுற்று வரை சுற்றும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ரசீன் என்ற ஊரில், ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் இந்த இயந்திரத்தை உருவாக்கினார். 1935-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அன்றும் இன்றும் அதன் வேலை ஒன்றுதான்: உணவைப் பொடியாக்கித் தண்ணீரிடம் ஒப்படைப்பது. அதற்குப் பிறகு சுமந்து செல்ல வேண்டியது தண்ணீரும் குழாயும். எதையும் உள்ளே தள்ளும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது தேயுமா? தேய்ந்த பிறகு தண்ணீரோடு போகுமா? முதல் கேள்வியை ஓரளவு எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்காமல் விடுவதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன.

உள்ளே போகக் கூடாதவை

நார்ப் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். சோள மடல், வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, தடித்த கீரைத் தண்டு எல்லாம் கையால் கிழித்தாலே கிழியும். பிளேடு இருந்தால் இவற்றை நறுக்கிவிடும். ஆனால் இங்கே நடப்பது தேய்த்தல். நார் தேயாது, நூலாகப் பிரியும். பிரிந்த நூல் சுழலும் துண்டுகளைச் சுற்றிக்கொள்ளும், இல்லையென்றால் குழாய் வளைவில் பந்தாகத் திரண்டு மற்றதையெல்லாம் பிடித்து நிறுத்தும்.

சோறு, பாஸ்தா, உருளைக்கிழங்குத் தோல் ஆகியவை இதற்கு நேர் எதிர். நன்றாகவே அரைபடும், சத்தம்கூட வராது. அதனாலேயே ஏமாந்துபோகிறோம். மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதும், பசையாகும், குழாயின் உள்சுவரில் ஒட்டும். தட்டில் ஒட்டிய பத்துப் பருக்கை போனால் ஒன்றும் ஆகாது. மிஞ்சிப்போன ஒரு பாத்திரச் சோற்றைக் கவிழ்ப்பது அடைப்பை நாமே அழைத்து வருவதற்குச் சமம். காபித் தூளும் இதே கணக்குதான். ஏற்கெனவே பொடியாக இருப்பதால் இயந்திரத்துக்கு அதில் வேலையே இல்லை. ஆனால் வளைவில் மணல் போலப் படியும்.

எண்ணெயும் கொழுப்பும்தான் எல்லாவற்றிலும் மோசம். சூடாக ஊற்றும்போது தண்ணீர் போல ஓடிவிடும். பத்தடி தள்ளி, குளிர்ந்த குழாய்க்குள், மெழுகாக உறையும். அடுத்த முறை போகும் துகளெல்லாம் அதில் ஒட்டும். 2017-ல் லண்டன் வைட்சாப்பல் பகுதியின் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில், ஒரு கொழுப்புக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. பல சமையலறைகளிலிருந்து வந்த கொழுப்பும் கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து கல்லாகிப் போயிருந்தன. அதை உடைத்தெடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. வாணலியில் மிஞ்சும் எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழக்கொட்டை, நண்டு ஓடு, பெரிய எலும்பு ஆகியவை தேயாது, துள்ளும். சிறிய எலும்பைத் தாங்கும் இயந்திரங்கள் உண்டு. உங்களுடையது அப்படிப்பட்டதா என்பது கூட வந்த கையேட்டில் இருக்கும். முட்டை ஓட்டைப் போட்டால் பிளேடு கூராகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இல்லாத பிளேடு எப்படிக் கூராகும்? ஓட்டின் பொடி கொழுப்போடு சேர்ந்தால் குழாயில் படிமானம்தான் கூடும்.

தண்ணீரில் செய்யும் தவறு

வெந்நீர் விட்டால் சுத்தமாகப் போகும் என்று நினைப்பது இயல்பு. அரைக்கும்போது விட வேண்டியது குளிர்ந்த நீர். காரணம் மேலே சொன்ன கொழுப்புதான். வெந்நீரில் அது உருகி, இயந்திரத்தைத் தாண்டிப் போய் உறைகிறது. குளிர்ந்த நீரில் கட்டியாகவே இருந்து, மற்றத் துகள்களோடு சிறுசிறு துண்டாக அடித்துச் செல்லப்படுகிறது. அரைத்து முடிந்த பிறகு பாத்திரம் கழுவிய வெந்நீர் போவதில் தவறில்லை.

வரிசையும் முக்கியம். முதலில் குழாயைத் திறக்க வேண்டும், பிறகு ஸ்விட்ச், அதன் பிறகே உணவு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கழுத்து வரை திணித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால் தட்டு நகரவே திணறும். அரைபடும் கரகரப்பு போய் வெறும் சுழற்சிச் சத்தம் கேட்டதும் இயந்திரத்தை நிறுத்தலாம். தண்ணீரை உடனே நிறுத்தக் கூடாது. இன்னும் 15 முதல் 30 விநாடி ஓடட்டும். பொடி அப்போதுதான் வளைவைத் தாண்டும். இந்த அரை நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் பிளம்பருக்குப் போன் செய்யும்படி ஆகிறது.

உறுமுகிறதா, ஊமையாக இருக்கிறதா?

பழுது பார்ப்பதில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஸ்விட்சைப் போட்டால் ஓடவில்லை என்றதும் எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பார்க்கிறோம். காதைக் கொடுத்துக் கேட்டால் இரண்டு நோய்கள் தெரியும்.

"உம்ம்" என்று உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் மின்சாரம் வருகிறது, மோட்டாரும் முயல்கிறது, தட்டு எதிலோ சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்த நொடியே ஸ்விட்சை அணைக்க வேண்டும். சுற்ற முடியாத மோட்டாருக்குள் மின்சாரம் பாய்ந்தால் அது முழுக்கச் சூடாகத்தான் மாறும். எங்கள் வீட்டில் முதல் மோட்டார் போனது இப்படித்தான். இரவு பாத்திரம் கழுவும்போது உறுமல் கேட்டது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நாலைந்து முறை தட்டிப் பார்த்தோம். கருகிய வாசனை வந்த பிறகுதான் கை நின்றது. கழற்றிப் பார்த்தபோது சிக்கியிருந்தது ஒரு பாட்டில் மூடி. இடுக்கியால் எடுத்திருந்தால் அந்த மோட்டார் பிழைத்திருக்கும். இன்றும் அது எனக்கு மனக்குறைதான்.

செய்ய வேண்டியது இது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக ஒயர் கொடுத்திருந்தால் பிரேக்கரை இறக்குங்கள். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். எது தெரிந்தாலும் நீளமான இடுக்கியால் எடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோமே என்ற தைரியத்தில்கூடக் கையை உள்ளே விட வேண்டாம். பற்கள் மழுங்கலாக இருந்தாலும் உடைந்த கண்ணாடியோ நறுக்கென்ற எலும்போ உள்ளே இருக்கலாம்.

எதுவும் வரவில்லையா? சிங்க்குக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பல இயந்திரங்களில் அடிப்பாகத்தின் நடுவே ஆறு பக்கத் துளை ஒன்று இருக்கும். அதில் கால் அங்குல ஆலன் கீயைச் செருகி, இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும். 6 மி.மீ. கீ கிட்டத்தட்டப் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் தளர்வாக இருப்பதால் மூலைகளை மழுக்கிவிடும், வேண்டாம். முதலில் கல் போல இருக்கும், பிறகு சட்டென்று விடுபடும். தாராளமாக முழுச் சுற்று வருகிறது என்றால் சிக்கல் தீர்ந்தது. துளை இல்லாத மாடல் என்றால் துடைப்பத்தின் மரக் கைப்பிடியை மேலிருந்து விட்டு, தட்டின் மேலுள்ள துண்டில் முட்டுக்கொடுத்துத் தள்ளலாம். சிக்கிய பொருளை வெளியே எடுக்க மறந்துவிடாதீர்கள். எடுக்காமல் ஓட்டினால் அடுத்த நிமிடமே மறுபடி சிக்கும்.

இனி இரண்டாவது நோய். ஸ்விட்சைப் போட்டால் சத்தமே இல்லை. மின்சாரம் மோட்டாரைச் சேரவில்லை. அடியில் சிறிய சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அணைந்தபோது பட்டன் வெளியே துருத்தி நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சூட்டோடு அழுத்தினால் நிற்காது. அதை வைத்து இயந்திரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பட்டன் சரியாக இருந்தால் பிளக், பிரேக்கர், சுவர் ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் பாருங்கள். மூடியைப் பொருத்தித் திருப்பினால் மட்டுமே ஓடும் வகையும் உண்டு. அதில் மூடி சரியாக உட்காராவிட்டாலும் இதே மௌனம்தான்.

பட்டன் திரும்பத் திரும்பத் துள்ளினாலோ, பிரேக்கர் டிரிப் ஆனாலோ, அதோடு நம் வேலை முடிந்தது. மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

தண்ணீர் நின்றால் ஆசிட் ஊற்றுவது

இயந்திரம் நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. இரட்டைத் தொட்டி சிங்க்கில் பக்கத்துத் தொட்டியில் பொங்கி வருகிறது. அடைப்பு இயந்திரத்தில் இல்லை, அதற்கு அப்பால் குழாயில் இருக்கிறது. இங்கேதான் பலர் அடைப்பு நீக்கும் ரசாயனத்தை வாங்கி ஊற்றுகிறார்கள். காஸ்டிக் சோடாவோ கந்தக அமிலமோ உள்ள அந்தத் திரவம் அடைப்பைக் கரைக்காவிட்டால், அரைக்கும் அறையிலேயே தேங்கி ரப்பர் சீலையும் உலோகத்தையும் அரிக்கும். தெரியாமல் ஸ்விட்சைப் போட்டால் முகத்தில் தெறிக்கும். பிறகு குழாயைக் கழற்ற வருகிறவரின் கையைப் பொசுக்கும். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பக்கத்துத் தொட்டியை ஈரத்துணியால் அடைத்து, ரப்பர் பிளஞ்சரால் நாலு முறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். மசியாவிட்டால் அடியில் வாளியை வைத்து வளைந்த குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். பெரும்பாலும் கையால் திருகியே கழற்றிவிடலாம்.

நாற்றம்

எலுமிச்சைத் தோலைப் போட்டு அரைத்தால் அரை மணி நேரம் மணக்கும். நாற்றத்தின் வேர் அப்படியே இருக்கும். அந்த வேர் பெரும்பாலும் இயந்திரத்தின் வாயில் இருக்கும் ரப்பர் மடலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மேலே பளபளவென்று இருக்கும், திருப்பிப் பார்த்தால் கறுப்பு வழுவழுப்பு. பிளக்கை உருவிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷில் பாத்திர சோப்பைத் தொட்டு மடல் மடலாகத் தேயுங்கள். உள்ளே இருக்கும் படிவுக்கு, சிங்க்கைப் பாதி நிரப்பிச் சோப்பு கலந்து, இயந்திரத்தை ஓட விட்டு அடைப்பானை எடுத்துவிடலாம். மொத்தத் தண்ணீரும் ஒரே வேகத்தில் பாய்ந்து சுவர்களை அலசும். ஒரு கை ஐஸ் கட்டிகளும் ஒட்டியதை உரசி எடுக்கும். பிளீச் வேண்டாம்.

பல நாள் ஓட்டாமல் வைப்பதும் கெடுதல்தான். உள்ளே மிச்சமிருப்பது அழுகும், உலோகத் துண்டுகள் துருவேறி இறுகும். உணவு எதுவும் போடாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரோடு சில விநாடி சுற்றவிடுங்கள். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகும் வீடென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அரைத்து அனுப்பும் ஒவ்வொரு பிடியும் தொட்டியின் அடியில் சேறாகச் சேரும், தொட்டியை முன்பைவிடச் சீக்கிரம் காலி செய்ய வேண்டிவரும். அங்கே குப்பைக்கூடைதான் நல்ல வழி.

ஒழுகல்

அடியில் ஈரம் கண்டதும் எம்-சீலைப் பூசும் முன், எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, சிங்க்கில் வண்ணம் கலந்த தண்ணீரை நிரப்பி, ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ தாளைத் தொட்டுப் பாருங்கள். மேலே சிங்க்கோடு சேரும் இடம் என்றால் அதிர்வில் திருகு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அடைப்புப் பசை காய்ந்திருக்கும். இறுக்கலாம், புதிதாகப் பூசலாம். பக்கவாட்டுக் குழாய் என்றால் வாஷர் மாற்றினால் போதும். ஆனால் தண்ணீர் இயந்திரத்தின் அடியிலிருந்தே, சிவப்புப் பட்டனைச் சுற்றிக் கசிகிறது என்றால் மோட்டாருக்கு மேலிருக்கும் உள் சீல் போய்விட்டது. மின்சாரமும் தண்ணீரும் சேரும் இடம் அது. ஓட்டுவதை உடனே நிறுத்தி, இயந்திரத்தையே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

புதிதாக மாட்டும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். டிஷ்வாஷரின் கழிவுக் குழாய் சேரும் பக்கவாட்டு வாயை உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கும். டிஷ்வாஷர் இருந்தால், பொருத்தும் முன் ஸ்குரூடிரைவரை வைத்துத் தட்டி அதை உடைத்து, விழுந்த துண்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்தால் முதல் நாளே டிஷ்வாஷருக்குள் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும்.