க்ளாக் பிஸ்டலில் வேறு ட்ரிகர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் க்ளாக் வைத்திருப்பவர்கள் எதையாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தால், பெரும்பாலும் முதலில் கை வைப்பது ட்ரிகரில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் ட்ரிகரை இழுக்க சுமார் 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோ விசை வேண்டும். இழுக்கும்போது கொஞ்சம் இழுபறியாக இருக்கும். எந்த இடத்தில் விடுபடும் என்பதும் விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. டிம்னி, ஏபெக்ஸ் போன்ற கம்பெனிகளின் ட்ரிகர் செட் அதையெல்லாம் சரி செய்துவிடும். ஒரு சுத்தியல், பின் தட்டும் கம்பி, ஒரு வீடியோ இருந்தால் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம்.

இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் எனக்குக் கவலை. மாட்டி முடித்ததும் ட்ரிகரை இழுத்தால் டிக் என்று சத்தம் வருகிறது, ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) போய்ச் சுட்டால் தோட்டா வெடிக்கிறது, அத்தோடு வேலை முடிந்ததாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். சுடக் கூடாத நேரத்தில் அது சுடாமல் இருக்குமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. ட்ரிகர் மாற்றியவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

(இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.)

சுடக் கூடாத நேரத்தில் சுடுமா என்ற கேள்வி ஏன் முக்கியம் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் க்ளாக்கை ஏற்றுக்கொண்டது. அதில் கட்டை விரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது. அதற்குப் பதில் மூன்று தடுப்புகள் உள்ளே இருக்கின்றன. ட்ரிகரின் நடுவில் இருக்கும் சிறிய நாக்கு அழுந்தினால்தான் ட்ரிகர் பின்னால் நகரும். இது முதல் தடுப்பு. ட்ரிகரோடு சேர்ந்த நீளமான பட்டையின் பின்முனையில் சிலுவை வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் ஸ்ட்ரைக்கரை, அதாவது தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியை, பிடித்து வைத்திருக்கிறது. ட்ரிகர் பின்னால் போகும்வரை அந்தத் தகடு கீழே இறங்க முடியாதபடி ஒரு படி தாங்கிக்கொண்டிருக்கும். இது இரண்டாவது, துப்பாக்கி கீழே விழுந்தாலும் காப்பாற்றும் தடுப்பு. மூன்றாவது, ஸ்லைடுக்குள் (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதிக்குள்) ஸ்ட்ரைக்கரின் பாதையை மறித்து நிற்கும் சிறிய குமிழ். ட்ரிகர் பட்டையில் இருக்கும் ஒரு மேடு அதை மேலே தள்ளினால்தான் வழி திறக்கும்.

ஆக மூன்று தடுப்புகளும் ட்ரிகரோடு பிணைந்திருக்கின்றன. ட்ரிகரையும் பட்டையையும் மாற்றுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ மூன்றிலும் கை வைக்கிறார்.

இதில் மிகப் பெரிய தவறு, ட்ரிகர் நகரும் தூரத்தை அளவுக்கு மீறிக் குறைப்பது. சில செட்களில் அதற்கென்றே சின்ன திருகு இருக்கும். அதைத் திருகத் திருக, ட்ரிகர் ஓய்வு நிலையிலேயே பின்னால் நகர்ந்து நிற்கும். இழுக்க வேண்டிய தூரம் குறைவதால் விரலுக்கு மிகவும் நன்றாக இருக்கும். ஆனால் ட்ரிகர் பின்னால் நகர்ந்தால் பட்டையும் பின்னால் நகர்ந்துதான் நிற்கும். சிலுவைத் தகடு தன் படியின் விளிம்புக்கு வந்துவிடும், குமிழும் பாதி தூக்கிய நிலையில் நிற்கும். விரல் படுவதற்கு முன்பே இரண்டு தடுப்புகள் பலவீனமாகிவிட்டன என்று அர்த்தம். கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டி அந்தத் திருகைத் தொடாதீர்கள். இன்னொரு திருகு, ட்ரிகர் விடுபட்ட பிறகு பின்னால் போகும் தூரத்தைக் கட்டுப்படுத்துவது. அதை மிகவும் இறுக்கினால், அழுக்கு சேரும்போது ட்ரிகர் விடுபடாமலே போகலாம். தற்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கியில் இதுவும் ஆபத்துதான்.

அடுத்தது பாலிஷ். உரசும் இடங்களைத் துணியும் பேஸ்டும் வைத்து லேசாகத் தேய்த்தால் கெடுதல் இல்லை. சுழலும் மெஷினை எடுத்து, சிலுவைத் தகடும் ஸ்ட்ரைக்கரின் கொக்கியும் சந்திக்கும் முகத்தைத் தேய்ப்பதுதான் தவறு. விளிம்பு உருண்டுவிட்டால் பிடிப்பு குறையும், மேலே இருக்கும் பூச்சும் போய்விடும். இதைத் திரும்பச் சரி செய்ய வழியில்லை, பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பிடிப்பு போதுமா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஆரஞ்சு நிறப் பின்மூடி, பக்கத்தில் திறந்திருக்கும். சாதாரண மூடியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால், கொக்கியும் தகடும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன என்று தெரியும். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு படிந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடக் கூடாது. அந்த மூடி பார்ப்பதற்கு மட்டும்தான் என்பதால், அது மாட்டியிருக்கும்போதும் தோட்டா போடக் கூடாது.

இழுக்கும் விசை குறைந்தால் நல்லது என்று ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை ஸ்பிரிங் சுமார் 5.5 பவுண்டு. 4 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் ட்ரிகர் லேசாகும், ஆனால் ஸ்ட்ரைக்கர் அடிக்கும் அடியும் குறையும். ஃபெடரல் தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி) மென்மையானது, வெடித்துவிடும். சி.சி.ஐ. பிரைமர் கடினமானது, அதில் லேசான தடம் மட்டும் விழுந்து வெடிக்காமல் போவது சகஜம். போட்டிக்கு மட்டும் என்றால், எந்தத் தோட்டா ஒத்துக்கொள்கிறது என்று பார்த்து அதோடு இருந்துவிடலாம். இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்குத் தொழிற்சாலை ஸ்பிரிங்கை மாற்றாமல் இருப்பதே என் கருத்து.

பாகம் வாங்கும்போது தலைமுறையைப் பார்ப்பதும் முக்கியம். மூன்றாம், நான்காம் தலைமுறை க்ளாக்கின் ட்ரிகர் ஸ்பிரிங்கும் ஐந்தாம் தலைமுறையின் அமைப்பும் வேறு வேறு. ஐந்தாம் தலைமுறையின் ட்ரிகர் பட்டையும் வேறு. எப்படியோ உள்ளே போய்விட்டது என்பதற்காக அது பொருந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாட்டும்போது நடக்கும் இன்னொரு தவறு, ஸ்லைடைப் பின்னால் பிடித்து வைக்கும் நிறுத்தியின் மெல்லிய கம்பி ஸ்பிரிங்கை அதன் இடத்தில் சரியாக நுழைக்க மறப்பது. நிறுத்தியை விரலால் மேலே தூக்கி விட்டால் அது தானாகவே பட்டென்று கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடி கழற்றுங்கள்.

ட்ரிகர் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோக ட்ரிகர்கள் பார்க்க அழகு, ஆனால் பிளாஸ்டிக்கைவிடக் கனம். துப்பாக்கி விழும்போது அந்தக் கனமே ட்ரிகரைப் பின்னால் தள்ளப் பார்க்கும். 2017-ல் சிக் சாவர் பி320 பிஸ்டலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. சில கோணங்களில் பின்பக்கமாக விழுந்தபோது, ட்ரிகர் தன் கனத்தாலேயே நகர்ந்து துப்பாக்கி வெடித்தது. அந்த ட்ரிகரில் க்ளாக்கில் இருப்பது போன்ற நாக்கு இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் கம்பெனி இலவச மாற்றத்தை அறிவித்தது. அதில் முக்கியமான ஒன்று, கனம் குறைந்த ட்ரிகர். அதனால் நாக்கின் ஸ்பிரிங் தளர்ந்த, அல்லது நாக்கே இல்லாத மாற்று ட்ரிகரை வாங்காதீர்கள்.

சரி, மாட்டியாகிவிட்டது, சோதனைக்கு வருவோம். தோட்டாக்கள் இருக்கும் மேகசினை எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, உண்மையான தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இல்லாதபடி செய்த பிறகுதான் தொடங்க வேண்டும். குழல் எப்போதும் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்கட்டும்.

முதலில் நாக்கைத் தொடாமல் ட்ரிகரின் ஓரத்தை மட்டும் பிடித்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நகரக் கூடாது. பிறகு சரியாக இழுத்து, பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விட்டு, ட்ரிகரை மெதுவாக முன்னால் விடுங்கள். க்ளிக் என்று மீள வேண்டும், அடுத்த இழுப்பில் மறுபடி விடுபட வேண்டும். இதை மெதுவாகவும் வேகமாகவும் பல தடவை செய்ய வேண்டும். ஸ்லைடை வேகமாக அறைந்து விடும்போது ஸ்ட்ரைக்கர் பிடிபடாமல் தானாகப் போய்விடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஸ்லைடைக் கழற்றி, ஸ்ட்ரைக்கரின் கொக்கியைப் பின்னால் இழுத்து மெதுவாக முன்னால் கொண்டு வாருங்கள். குமிழ் தடுக்கும் இடத்தில் நிற்கும். அங்கிருந்து பலமாக முன்னால் தள்ளினாலும் ஸ்ட்ரைக்கரின் முனை வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் இது குமிழ் நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். புதுப் பட்டை அதை முன்கூட்டியே தூக்கிவிடுகிறதா என்று சொல்லாது. பட்டையோடு சேர்த்து ஸ்ட்ரைக்கர் பிடிபட்டு நிற்கிறதா என்று பார்க்க, துப்பாக்கியைச் சேர்த்து, ஸ்லைடை இழுத்துத் தயார் நிலையில் வைத்து, குழலுக்குள் ஒரு பென்சிலை ரப்பர் முனை கீழே இருக்கும்படி போடுங்கள். குழல் மேலே பார்க்கட்டும், முகம் அதற்கு நேரே வேண்டாம். ட்ரிகரைத் தொடாமல் ஸ்லைடின் பின்புறத்தை ரப்பர் சுத்தியலால் பல தடவை தட்டுங்கள். பென்சில் எகிறக் கூடாது, ஸ்ட்ரைக்கர் விடுபடவும் கூடாது. பிறகு ட்ரிகரை இழுத்தால் பென்சில் எகிற வேண்டும். முதல் பாதியில் ஒரே ஒரு தடவை தவறினாலும் பழைய ட்ரிகரை எடுத்து மாட்டிவிடுங்கள்.

இழுவிசையை அளக்கும்போது கருவியின் கொக்கியை எப்போதும் ட்ரிகரின் நடுவில் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும். கீழ் நுனியில் மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடி எடை குறைவாகக் காட்டும். ஒரு அளவை நம்பாமல் பல தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

அப்புறம் ரேஞ்ச். முழு மேகசினோடு தொடங்குவது தவறு. முதலில் ஒரு தோட்டா, அதைச் சில தடவை. பிறகு இரண்டு தோட்டாக்கள், ஏனென்றால் ஒரே இழுப்பில் இரண்டும் வெடிக்கும் கோளாறு இருந்தால் அதற்கு மேல் போகாது. அப்படி இரண்டு வெடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது உயிருக்கு ஆபத்து. அதோடு, அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கி என்ற வகைக்குள் போய்விடும். கோளாறு என்று தெரிந்தும் தொடர்ந்து சுடுவதற்கு எந்தச் சாக்கும் எடுபடாது. பெட்டியில் வைத்துப் பூட்டி, சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். பழைய ட்ரிகர் பாகங்களையும் ஒரு கவரில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள், எது காரணம் என்று கண்டுபிடிக்க அவருக்கு அவை உதவும்.