பலகை நடுவில் பிளந்தால் பசையை மட்டும் திட்டாதீர்கள்

பார்ட்டிக்கிள் போர்டோ (மரத்துகள் பலகை), எம்.டி.எஃப்போ (மர நாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட்டோ, பிணைப்பு விட்டுப்போனால் பழி முதலில் பசை மேல்தான் விழும். பல நேரம் கோளாறு, பலகையைச் சூடாக்கி அழுத்தும் ஹாட் பிரஸ்ஸில் இருக்கும்.

பிரஸ் தட்டின் மீட்டரைப் பார்த்து நிம்மதியாகிவிடுவது பெரிய தவறு. தட்டில் 180 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். பசை கடைசியாக இறுகுவது பலகையின் நடுவில். மரம் சூட்டை லேசில் கடத்தாது. துகள் பலகையில் சூட்டை உள்ளே கொண்டுபோவது பெரும்பாலும் நீராவிதான். மேல் அடுக்கின் ஈரம் ஆவியாகி நடுவை நோக்கி ஓடுகிறது. நடுப்பகுதி 100 டிகிரியை ஒட்டி வந்ததும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை விறுவிறுவென்று இறுகும். ஃபீனால் வகை இன்னும் அதிகச் சூடு கேட்கும். பலகையின் கனம் கூடினால் அழுத்தும் நேரமும் கூடத்தான் வேண்டும்.

சரி, ஈரம் தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்தால் அங்கே அடுத்த வம்பு. உள்ளே மாட்டிக்கொண்ட நீராவி, பிரஸ் சட்டென்று திறந்ததும் அரைகுறையாக இறுகிய நடுப்பகுதியைப் பிளந்துகொண்டு வெளியேறும். அதனால் மேல் அடுக்கை விட நடு அடுக்கு காய்ந்திருக்க வேண்டும். அழுத்தத்தையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அழுத்தம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது பாதி உண்மை. பிளைவுட்டில் அளவு மீறினால் பசை ஓரத்தில் பிதுங்கியும் வெனீருக்குள் (மெல்லிய மரத் தகடு) ஊறியும் போய், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. துகள் பலகையில் பிரஸ்ஸை மிக வேகமாக மூடினால் மேல்புறம் கெட்டியாகி நடு லேசாகிவிடும். 50 மில்லிமீட்டர் சதுரத் துண்டை இரு முகங்களிலும் பிடித்து இழுக்கும் சோதனையில் அந்த நடுதான் முதலில் விடும். ரொம்ப நிதானமாக மூடினாலோ, துகள்கள் நெருங்கும் முன்பே மேல்புறப் பசை இறுகி, பலகையின் மேல்தோல் பொருபொருவென்று உதிரும்.

அப்புறம், யூரியா பசைப் பலகைகளைச் சூடு ஆறாமல் அடுக்குவது. சூடும் ஈரமும் சேர்ந்து, இறுகிய பசையையே மெல்லச் சிதைக்கும். ஃபீனால் பசைக்கு இந்தப் பயம் இல்லை; சூடாக அடுக்கினால் மிச்சமும் இறுகும்.

பிளந்த துண்டைப் பார்க்காமல் தூக்கிப்போடுவதுதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. மர நார் கிழிந்து வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. வெனீரின் ஒரு பக்கம் மட்டும் பசை பளபளவென்று காய்ந்திருந்தால், அழுத்தும் முன்பே அது உலர்ந்துவிட்டது. நடுவில் பசை இன்னும் பிசுபிசுத்தால், பிரஸ்ஸை அவசரப்பட்டுத் திறந்திருக்கிறீர்கள்.