'பிறகு' என்று தள்ளிவிடுகிற அப்டேட்: உள்ளே என்ன நடக்கிறது, எப்படிச் செய்வது

அப்டேட் வந்திருக்கிறது என்று போனில் அறிவிப்பு வரும், கீழே 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு பட்டன் இருக்கும், நம்மில் பலருக்குக் கை தானாகவே 'பிறகு' பக்கம் போய்விடும். ஒருமுறை என் சித்தியின் போனை வாங்கிப் பார்த்தேன், அந்த அறிவிப்பு பல மாதங்களாக அங்கேயே கிடந்தது. ஏன் சித்தி இதைச் செய்யவே இல்லை என்று கேட்டதற்கு, "அதைப் போட்டா போன் ஸ்லோ ஆயிடும்னு சொன்னாங்கப்பா, நல்லா ஓடுறதை எதுக்குக் கெடுத்துக்கணும்" என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். ஆனால் அப்டேட் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்டேட் என்றதும் புது எமோஜி, ஐகானின் நிறம் மாறுவது, மெனு இடம் மாறித் தொலைவது, இவைதான் நினைவுக்கு வரும். அதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய அப்டேட். மாதாமாதம் வருகிற சின்ன அப்டேட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரும்பாலும் எதுவும் இருக்காது, போட்ட பிறகு போன் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும், ஆனால் நமக்கு மிகவும் தேவையானது அதுதான். போனையோ கணினியையோ ஓட்டுகிற மென்பொருள் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. எழுதியவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அதில் தவறுகள் இருக்கத்தான் செய்யும். சில தவறுகளால் ஆப் ஒன்று நின்றுபோகும், அவ்வளவுதான். வேறு சில, வெளியாள் உள்ளே நுழைகிற ஓட்டையாகிவிடும். 2015-இல் ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை தெரியவந்தது. வீடியோவைப் படிக்கிற பகுதியில் இருந்த தவறு அது, வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த வீடியோவை எம்எம்எஸ்ஸில் அனுப்பினாலே போனுக்குள் புகுந்துவிட முடியும் என்ற நிலை. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அதற்கு வெகுகாலம் முன்பே, 2003 முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று விண்டோஸுக்கான பேட்ச்களை, அதாவது ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட்களை, வெளியிட்டு வருகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது, இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியாகும் நாளில், அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் கூடவே வெளியாகிவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடம் மாறியிருக்கிறது என்று தெரியும், மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். தாக்குதல் நடத்துகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நேற்று வரை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே தெரிந்திருந்த விஷயம், இன்று அப்டேட் போடாத ஒவ்வொரு கருவிக்கும் எதிராகப் பயன்படுத்தக்கூடியதாகிவிடுகிறது. 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் ஒரு மாதம் போகட்டும்' என்று நாம் நினைக்கிற அந்த ஒரு மாதம், முந்தைய மாதங்களை விட ஆபத்தானது.

வான்னாகிரை என்ற கெடுமென்பொருள் இதற்கு நேரடி உதாரணம். விண்டோஸில் கோப்புகளை நெட்வொர்க்கில் பகிர்கிற பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அடுத்த மாதமே அந்த ஓட்டைக்குள் நுழையும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வான்னாகிரை பரவத் தொடங்கி, சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. யாரும் எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை, நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. மார்ச்சில் அந்த பேட்சைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. நடுவில் இருந்த இடைவெளி இரண்டு மாதத்துக்கும் குறைவு.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது

இது தெரிந்தால் பயம் பாதி குறையும். முதலில் உங்கள் கருவி நிறுவனத்தின் சர்வரிடம், 'என்னிடம் இந்தப் பதிப்பு இருக்கிறது, இதற்கு மேல் ஏதாவது உண்டா' என்று கேட்கிறது. இருந்தால் பெரும்பாலும் முழு மென்பொருளையும் இறக்காமல், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இறக்கும். அதனால்தான் ஒரு அப்டேட் சில எம்பி, இன்னொன்று சில ஜிபி என்று வருகிறது. இறங்கி முடிந்ததும் அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிற ரகசியச் சாவியால் போடப்பட்ட கையொப்பம் அது, வழியில் யாராவது ஒரு எழுத்தை மாற்றியிருந்தாலும் பொருந்தாது, பொருந்தாவிட்டால் கருவி அதை ஏற்காது.

அப்புறம் நிறுவும் வேலை. ஆண்ட்ராய்டு 7 காலத்திலிருந்து ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. மென்பொருளுக்குப் போனில் இரண்டு இடம் ஒதுக்கி வைப்பார்கள், நீங்கள் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது மற்றொன்றில் எழுதப்படும், ரீஸ்டார்ட் செய்யும்போது இடம் மாறிக்கொள்ளும். புதியது எழும்பவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எல்லா போனிலும் இந்த வசதி இல்லை, ஐபோனிலும் கணினியிலும் வேறு வழிகள். ஆனாலும் ரீஸ்டார்ட் எதற்கு என்று இதிலிருந்து புரியும்: ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளின் அடிப்பகுதியை ஓடும்போதே மாற்றுவது கடினம், அதனால் ஒருமுறை நிறுத்திவிட்டு எழுப்பவேண்டும். இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், ஓட்டை அப்படியே திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

செய்யும் முறை

தொடங்கும் முன் ஒரே ஒரு வேலை, அதை மட்டும் தவிர்க்காதீர்கள்: பேக்அப். படங்கள், ஆவணங்கள், தொடர்பு எண்கள் இவை கருவியைத் தவிர வேறு ஓர் இடத்திலும் இருக்கவேண்டும், கிளவுடிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ. அப்டேட் சொதப்புவது அபூர்வம்தான், ஆனால் சொதப்பும்போது பேக்அப் இருக்கிறவருக்கு அது ஒரு மாலைநேரத் தொல்லை, இல்லாதவருக்குப் பல வருடப் படங்கள் போய்விட்ட துக்கம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலரது கோப்புகளையே அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

பிறகு சார்ஜரில் போடுங்கள், வைஃபையில் இணையுங்கள், இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 'இடம் போதவில்லை' என்று வந்தால் வேண்டாத வீடியோக்களை அழித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட் என்று போகவேண்டும். அங்கேயே 'ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' இருக்கும், அதை ஆன் செய்துவிட்டால் இரவில் சார்ஜில் இருக்கும்போது தானாகவே நடந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது, தேடி அலையாமல் செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடல் பெட்டியில் 'அப்டேட்' என்று அடித்துவிடுங்கள். அங்கே இரண்டு வகை வரும்: ஒன்று போன் நிறுவனம் அனுப்புகிற சிஸ்டம் அப்டேட், இன்னொன்று 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்'. இரண்டாவது ஆண்ட்ராய்டு 10 முதல் இருக்கிறது, போன் நிறுவனத்துக்காகக் காத்திராமல் சில முக்கியப் பகுதிகளை கூகுளே நேரடியாகச் சரிசெய்ய உதவுகிறது. பலர் இதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே இடங்களில் 'செக்யூரிட்டி பேட்ச் லெவல்' அல்லது 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். உங்கள் போன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அந்த ஒரு தேதியே சொல்லிவிடும், ஆண்ட்ராய்டு 13-ஆ 14-ஆ என்ற எண்ணை விட எனக்கு அதுதான் முக்கியம்.

விண்டோஸில் செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' திறந்து 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். வேலை நடுவில் ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்ற பயம் இருந்தால் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்பதில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் கொடுத்துவிடலாம், அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இன்னொரு நுணுக்கம்: பல கணினிகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருக்கும், அப்போது வெறும் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணைந்து எழுவதில்லை, பாதியைச் சேமித்துவைத்து அடுத்தமுறை அதையே எடுத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாக எழவேண்டும் என்றால் 'ரீஸ்டார்ட்' கொடுக்கவேண்டும். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், அவ்வளவுதான்.

சிஸ்டத்தோடு வேலை முடிந்துவிடாது. நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆட்கள் எழுதிய பக்கங்களைத் திறந்துகொண்டே இருக்கிற மென்பொருள் எது என்று யோசித்தால், பிரௌசர். அதில் ஓட்டை இருந்தால் நேரடியாக நம் வீட்டு வாசல் திறந்திருக்கிற மாதிரி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் பின்னால் தானாகவே அப்டேட்டை இறக்கிவிடும், ஆனால் மூடித் திறந்தால்தான் புதியது ஓடத் தொடங்கும். நாற்பது டேப்களைத் திறந்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பிரௌசரை மூடாதவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். குரோமில் ஹெல்ப், 'அபவுட் கூகுள் குரோம்' திறந்தால் அதுவே சோதித்து, தேவையென்றால் 'ரீலாஞ்ச்' என்று கேட்கும். அழுத்திவிடுங்கள், டேப்கள் திரும்ப வந்துவிடும். மற்ற ஆப்களுக்கு பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ உங்கள் படத்தைத் தொட்டால் 'அப்டேட் ஆல்' கிடைக்கும். வீட்டு வைஃபை ரௌட்டருக்கும் அப்டேட் உண்டு, அதை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். ரௌட்டரின் ஆப்பிலோ, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் பிரௌசரில் அடித்தோ உள்ளே போய், தானியங்கி அப்டேட் வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

சித்தியின் பயத்துக்கு வருகிறேன்

அப்டேட் போட்ட ஓரிரு நாள் போன் சூடாவதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் உண்மைதான். புதிய மென்பொருளுக்கு ஏற்றபடி ஆப்களை மறுபடி தயார்செய்வது, படங்களை மறுபடி அட்டவணைப்படுத்துவது போன்ற வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஓரிரு நாளில் அடங்கிவிடும், உடனே முடிவுக்கு வராதீர்கள். பழைய பேட்டரி உள்ள சில ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் நடந்த விஷயம்தான். பேட்டரி தளர்ந்து போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள், முன்கூட்டியே பயனர்களிடம் சொல்லியிருக்கவேண்டும் என்பது என் கருத்து. வருடாந்தரப் பெரிய அப்டேட்கள் நாலைந்து வருடப் பழைய போனைக் கொஞ்சம் திணறவைக்கலாம் என்பதும் உண்மை.

அதனால் நான் செய்வது இதுதான்: பாதுகாப்பு அப்டேட் என்றால் வந்த ஓரிரு நாளுக்குள் போட்டுவிடுவேன், ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்று செய்தி வந்திருந்தால் அன்றே. வருடாந்தரப் பெரிய பதிப்பு என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுப்பேன், முதல் ரவுண்டில் தெரிகிற பிழைகளை அதற்குள் சரிசெய்துவிடுவார்கள். 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 வந்தபோது, போட்ட சில ஐபோன் 6-களில் சிக்னலே போய்விட்டது, ஆப்பிள் அதைச் சிறிது நேரத்திலேயே திரும்பப் பெற்றது. காத்திருக்கும் காலத்தில் பழைய பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட் வந்தால் அதை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

போலி அப்டேட் பற்றியும் சொல்லவேண்டும். ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது 'உங்கள் பிரௌசர் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்தி அப்டேட் செய்யவும்' என்று ஒரு பெட்டி குதித்தால், அல்லது மெசேஜில் அப்டேட் லிங்க் வந்தால், தொடாதீர்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மேலே சொன்ன செட்டிங்ஸ் வழியாக நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே அப்டேட் எதுவும் இல்லை என்றால் அந்தப் பெட்டி பொய்.

கடைசியாக, அப்டேட்டே வராத கருவி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் தனியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அதற்குப் பிறகும் பேட்ச் வருகிறது. போன்களில் நிலைமை மாடலுக்கு மாடல் வேறு. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்கள், பல மலிவு போன்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்க்கிற மாதிரி, எந்த வருடம் வரை பாதுகாப்பு அப்டேட் என்பதையும் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே காலம் முடிந்த போன் கையில் இருந்தால் உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை, ஆனால் வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப், முக்கிய மின்னஞ்சல் இவற்றை வேறு கருவிக்கு மாற்றிவிட்டு, இந்தப் போனில் அந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறிவிடுங்கள். பாட்டுக் கேட்க, அலாரம் வைக்க அது இன்னும் சில வருடம் ஓடும்.