ஃபர்ம்வேர் ஏறியும் இயங்காத ஈஎஸ்பி32 போர்டு

ஈஎஸ்பி32 என்ற சிறு வைஃபை கட்டுப்பாட்டுப் பலகையில் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் நிரல்) முழுவதும் ஏறிவிட்டதாகக் கணினி காட்டியும் போர்டு இயங்கவில்லை என்றால், மறுபடியும் ஏற்றிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சாளரம்) 115200 பாட் வேகத்தில் திறந்து, போர்டை மீண்டும் தொடங்கவைக்கும் ஈஎன் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓடும் வரிகளைப் படியுங்கள். பழைய ஈஎஸ்பி8266 என்றால் வேகத்தை 74880 என வைக்க வேண்டும். இல்லையேல் குப்பை எழுத்துகளே வரும்.

'வெயிட்டிங் ஃபார் டவுன்லோட்' என்று வந்தால் ஜிபிஐஓ 0 என்ற பின் (இணைப்பு முனை) கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பூட் பொத்தான் அமுங்கியபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 'பிரௌன்அவுட்' (மின்னழுத்தக் குறைவு) என்று வந்தால் கேபிளையும் அடாப்டரையும் மாற்றுங்கள். வைஃபை தொடங்கும் நொடியில் மின்னோட்டம் சட்டென்று ஏறுவதால், மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

'இன்வேலிட் ஹெடர்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் பூட்லோடர் (முதலில் ஓடி நிரலைத் தொடங்கிவைக்கும் பகுதி) ஃபிளாஷ் நினைவகத்தில் தவறான முகவரியில் எழுதப்பட்டிருக்கும். ஈஎஸ்பி32-க்கு அது ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 1000-இல் இருக்க வேண்டும். ஈஎஸ்பி32-இன் எஸ்3, சி3 வகைகளுக்கு 0-இல். ஒன்றுக்கான கட்டளையை மற்றொன்றுக்கு அப்படியே பயன்படுத்துவதால்தான் இந்தக் கோளாறு அதிகம் நேர்கிறது. ஃபிளாஷை முழுவதும் அழித்துவிட்டு, சரியான முகவரிகளில் எழுதுங்கள். சேமித்திருந்த வைஃபை கடவுச்சொல்லும் அதோடு போய்விடும். அப்படியும் இயங்காவிட்டால் ஃபிளாஷைப் படிக்கும் முறையைக் கியூஐஓ-விலிருந்து (நான்கு தடம்) டிஐஓ-வுக்கு (இரண்டு தடம்) மாற்றிப் பாருங்கள்.

என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது வேறொன்று. பாலக்கோட்டில் ஒரு தக்காளித் தோட்டத்தின் சொட்டுநீர் வால்வுக்குப் புதிய ஃபர்ம்வேர் ஏற்றினேன்; அதில் வால்வை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயை ஜிபிஐஓ 12-க்கு மாற்றியிருந்தேன். வீட்டு மேசையில் ஒழுங்காக இயங்கிய போர்டு, தோட்டத்துப் பெட்டியில் ரிலே கம்பியைச் செருகியதும் 'ஃபிளாஷ் ரீட் எர்' என்று காட்டி நின்றுவிட்டது. கம்பியை உருவி, ஈஎன் பொத்தானை அழுத்தினால் உடனே இயங்கியது. ஈஎஸ்பி32 விழிக்கும் கணத்தில் 12-ஆம் பின் உயர்நிலையில் இருந்தால், ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதிலாக 1.8 வோல்ட் போகும். அந்த ரிலே பலகையோ தன் உள்ளீட்டை எப்போதும் மேலே இழுத்துப் பிடிக்கும் வகை. ஆகவே, வெளிக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு வெறும் போர்டை மட்டும் இயக்கிப் பாருங்கள். இயங்கினால் ஒவ்வொரு கம்பியாகச் செருகி, ஒவ்வொரு முறையும் ஈஎன் பொத்தானை அழுத்துங்கள்.

ஈஃபியூஸை (சிப்புக்குள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய அமைப்பு) எரித்து 3.3 வோல்ட்டை நிலையாக்கவும் வழி உண்டு. ஆனால் எரித்ததை மீட்க முடியாது. நான் ரிலேயை 26-ஆம் பின்னுக்கு மாற்றி, நிரலில் ஓர் எண்ணைத் திருத்தியதோடு நிறுத்திக்கொண்டேன்.